மீட்பின் வரலாறு – 9: ஒரு பார்வையின் எடை

1066 அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் போரை வென்ற நார்மன் படையினருக்கு அவர்களுடைய சொந்த ஆயர்களே ஒரு தவப் பட்டியலை விதித்தார்கள். போரில் ஆளைக் கொன்றது உறுதியாகத் தெரிந்தவன், கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டு தவம் செய்ய வேண்டும். வெட்டியது தெரியும், வெட்டுப்பட்டவன் பிழைத்தானா செத்தானா என்று தெரியாது என்பவனுக்கு ஆளுக்கு 40 நாள். எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே நினைவில்லாதவன் உயிருள்ளவரை வாரத்தில் ஒரு நாள் தவம் செய்யலாம். இல்லையென்றால் ஒரு கோயிலைக் கட்டலாம், அல்லது கோயிலுக்கு மானியம் எழுதி வைக்கலாம். வில்லாளிக்குத் தன் அம்பு யார் மேல் பாய்ந்தது என்று அறிய வழியில்லை. அவனுக்கு மூன்று தவக்காலங்கள். போப்பின் தூதராக வந்த எர்மன்ஃப்ரிட் இதை உறுதி செய்தார்.

இதை வாசிக்கிறவர்களுக்குப் பாவத்தைத் தராசில் வைத்து நிறுத்த வேலையாகத் தோன்றலாம். எனக்கு இதில் பெரிய தைரியம் தெரிகிறது. தோற்றவனிடம் கணக்குக் கேட்க எல்லோராலும் முடியும். வென்ற அரசனின் ஆயர்கள், வென்ற படையைப் பார்த்து, நீங்கள் சிந்திய ஒவ்வோர் உயிரின் ரத்தத்துக்கும் பதில் சொல்லுங்கள் என்றார்கள். பாவத்துக்கு அளவு உண்டு, அளவு இருப்பதால் ஈடும் உண்டு என்று அந்தத் தலைமுறை உறுதியாக நம்பியது. வெற்றி பெற்ற வில்லியம் மன்னனே போர் நடந்த இடத்தில் ஒரு மடத்தைக் கட்டத் தொடங்கினான். எதிரி அரசன் ஹெரால்ட் விழுந்த இடத்தில் அதன் பீடம் அமைந்தது என்பது மரபு.

அந்த மடத்துக் கோயில் 1094 பிப்ரவரியில் நேர்ந்தளிக்கப்பட்டபோது கட்டியவன் உயிரோடு இல்லை. அவன் மகன் இரண்டாம் வில்லியம், சிவந்த முகத்தால் ரூஃபஸ் என்று பெயர் பெற்றவன், முன்னால் நின்றான். சடங்கை நடத்தியவர் பேராயராகப் பொறுப்பேற்று இரண்டு மாதமே ஆகியிருந்த, அறுபது வயதைத் தொட்ட ஒரு துறவி. பெயர் அன்செல்ம். சிலுவை மரணம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விக்கு மேற்குத் திருச்சபை அதன்பின் சொன்ன எல்லாப் பதில்களும் ஒன்று இவரைத் தழுவியவை, அல்லது இவரோடு மல்லுக்கட்டியவை.

சென்ற இதழ்களில் பார்த்ததைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தின் பாவநிவிர்த்தி நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் நிறுத்தப்பட்டன. ஒன்று பலியானது. மற்றது மக்களின் அக்கிரமங்களைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போனது. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தபோது அந்தச் சடங்கு நின்றது. சிலுவையில் நடந்ததே கடைசிப் பலி என்று எபிரேயருக்கு எழுதின நிருபம் வாதிட்டது. மாற்கு நற்செய்தியோ இயேசு பலரை மீட்கும்பொருளாகத் தம் உயிரைக் கொடுத்தார் என்றது. மீட்கும்பொருள் என்றதும், அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி எழத்தானே செய்யும்? மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் துணிந்து பதில் சொன்னார்: சாத்தானுக்கு. ஆதாமின் பாவத்தால் மனிதகுலம் சாத்தானிடம் அடிமைப்பட்டது, கிறிஸ்துவின் உயிரை விலையாகக் கொடுத்து அது மீட்கப்பட்டது. நீசா நகரத்து கிரகோரி இதை இன்னும் நீட்டினார். மனித உடல் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வீகம் தூண்டில் முள், விழுங்கிய சாத்தான் சிக்கினான். அகஸ்டின் சிலுவையை எலிப்பொறி என்றார். நாசியான்சு கிரகோரி மட்டும், கொள்ளைக்காரனுக்குக் கடவுள் விலை கொடுப்பாரா என்று கொதித்தார். அந்தக் குரல் மேற்கில் எடுபடவில்லை.

ஏறத்தாழ 800 ஆண்டுகள் கோயில்களில் பிரசங்கிக்கப்பட்ட அந்தக் கதையை முடித்து வைத்தவர்தான் அன்செல்ம்.

அவர் 1033இல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஆஓஸ்தாவில், இன்றைய இத்தாலியில், பிறந்தவர். தாய் இறந்த பிறகு தகப்பனோடு ஒத்துப்போக முடியாமல் மலையைக் கடந்து பிரான்சுக்குள் வந்தார். சில ஆண்டுகள் அலைந்து, லான்ஃபிராங்க் என்ற ஆசிரியரின் புகழைக் கேட்டு நார்மண்டியிலிருந்த பெக் மடத்தை அடைந்தார். 1060இல் அங்கே துறவியானார். பிறகு துணைத் தலைவர், 1078 முதல் மடத்தின் தலைவர். 33 ஆண்டுகள் அந்த ஒரே மடம்.

பேராயர் பதவியை அவர் தேடிப் போகவில்லை. கேன்டர்பரியின் பேராயராயிருந்த லான்ஃபிராங்க் 1089இல் இறந்ததும் ரூஃபஸ் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டு, அதன் நிலங்களின் வருமானத்தைத் தானே எடுத்துக்கொண்டிருந்தான். 1093 தவக்காலத்தில் குளோஸ்டரில் அவன் சாகக் கிடந்தான். நரகத்தை நினைத்து நடுங்கியவன், அந்த நேரம் இங்கிலாந்து வந்திருந்த அன்செல்மைப் பேராயர் என்று அறிவித்தான். அன்செல்ம் மறுத்தார். ஆயர்கள் அவரைப் படுக்கையருகே இழுத்துப் போனார்கள். ஆயர் கோலைப் பிடிக்கமாட்டேன் என்று அவர் விரல்களை மூடிக்கொள்ள, மூடிய முட்டியின் மேலேயே கோலை அழுத்திப் பிடித்தபடி கோயிலுக்குத் தூக்கிச் சென்றார்கள். அருகிலிருந்து அவர் வாழ்க்கையை எழுதிய எட்மர் என்ற துறவி விட்டுச்சென்ற காட்சி இது.

அரசன் பிழைத்துக்கொண்டான். பிழைத்ததும் பழைய குணம் திரும்பியது. நார்மண்டிப் படையெடுப்புக்காகப் புதிய பேராயரிடம் பணம் எதிர்பார்த்தான். அன்செல்ம் 500 பவுண்டு வெள்ளி கொடுத்தார். வாங்கிக்கொண்டவனைப் பக்கத்திலிருந்தவர்கள் தூண்டிவிட்டார்கள்: இது போதாது, திருப்பி அனுப்பினால் இரட்டிப்பாகத் தருவார். அரசன் திருப்பி அனுப்பினான். அன்செல்ம் அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஹேஸ்டிங்ஸில் கோயிலை நேர்ந்தளித்த நாட்களில் அரசன் மறுபடி கேட்டபோது கொடுக்க அது கையில் இல்லை. ஈடு கேட்கிற ஆண்டவனைப் பற்றி எழுதப்போகிற மனிதர், எவ்வளவு கொடுத்தாலும் தணியாத ஓர் ஆண்டவனின் கீழ் வாழ்ந்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தம் கடவுள் ரூஃபஸைப் போன்றவர் அல்லர் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் சச்சரவுகளின் நடுவே, 1095ஐ ஒட்டி, அவர் ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூலைத் தொடங்கினார். முடிக்குமுன்பே சிலர் அவருக்குத் தெரியாமல் முதற்பகுதிகளைப் படியெடுத்துப் பரப்பிவிட்டார்கள் என்று முன்னுரையில் வருத்தப்படுகிறார். நினைத்ததைவிட அவசரமாகவும் சுருக்கமாகவும் முடிக்க நேர்ந்ததற்கு அதுதான் காரணமாம். முடித்தது இங்கிலாந்தில் அல்ல. 1097இல் அரசனோடு உறவு முறிந்து ரோமுக்குப் புறப்பட்டார். டோவர் கடற்கரையில் அரசனின் ஆள் அவருடைய மூட்டைகளைப் பிரித்துப் பணம் இருக்கிறதா என்று தேடினான். கப்பல் நகர்ந்ததும் கேன்டர்பரியின் நிலங்கள் மறுபடி அரசனின் கைக்குப் போயின.

1098 கோடையில் தென் இத்தாலியின் கப்புவா நகருக்கு அருகே ஒரு மலைக்கிராமம் அவருக்கு அடைக்கலமானது. பெக் மடத்தில் துறவியாக இருந்து பிறகு அந்தப் பகுதி மடமொன்றின் தலைவரான ஜான் என்பவரின் இடம் அது. குளிர்ந்த காற்று, ஆள் நடமாட்டம் குறைவு. பேராயருக்குரிய அலுவல்கள் எதுவும் இல்லை. பழைய துறவி வாழ்க்கை மீண்டது. நூல் அங்கே முடிந்தது. அதே கோடையில் கப்புவாவை நார்மன் பிரபுக்கள் முற்றுகையிட்டார்கள். அழைப்பின்பேரில் அன்செல்மும் சில நாள் முகாமில் தங்கினார். சிசிலியின் கோமகன் ரோஜரின் படையிலிருந்த இஸ்லாமிய வீரர்கள் அவருடைய கூடாரத்துக்கு வந்தார்கள், அவர் அளித்த உணவை உண்டார்கள், வாழ்த்திச் சென்றார்கள் என்று எட்மர் எழுதுகிறார். அந்த ஜூனில்தான் சிலுவைப் போர்வீரர்கள் அந்தியோக்கியாவைப் பிடித்தார்கள். எருசலேமை மீட்கப் பக்தியோடு போகிறவர்களுக்கு அந்தப் பயணமே முழுத் தவமாகக் கணக்கிடப்படும் என்று 1095இல் கிளேர்மோன் சங்கம் தீர்மானித்திருந்தது. கொன்றதற்குத் தவம் விதித்த திருச்சபை, போருக்குப் போவதையே தவமாக ஏற்றுக்கொள்ள 30 ஆண்டுகூட ஆகவில்லை. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துகிற இடம் இதுதான்.

இனி நூலுக்குள் போவோம். இரண்டு பாகங்கள், உரையாடல் வடிவம். கேட்பவர் போசோ, பெக் மடத்துத் துறவி, பின்னாளில் அதன் தலைவரானவர். தலையாட்டி மாணவர் அல்ல அவர். நம்பாதவர்கள் கேட்கக்கூடியதையெல்லாம் தன் வாயால் கேட்கிறார். சர்வவல்லவர் ஏன் ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்து, பசித்து, அடிபட்டுச் சாகவேண்டும்? ஒரு வார்த்தையால் மன்னித்திருக்கக் கூடாதா? கிறிஸ்தவ மறைநூலை மேற்கோள் காட்டி இதற்குப் பதில் சொல்வதில்லை என்று அன்செல்ம் முன்கூட்டியே தம் கையைக் கட்டிக்கொள்கிறார். கிறிஸ்துவைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு, அறிவின் வழியில் மட்டும் நடந்து, அவர் தேவை என்ற இடத்தை அடைய முடியுமா என்று பார்க்கிறார்.

சாத்தானின் உரிமை முதலில் விழுகிறது. மனிதனும் கடவுளுடையவன், சாத்தானும் கடவுளுடையவன். ஓர் அடிமை தன் கூட்டாளி அடிமையை ஏய்த்துக் கூட்டிக்கொண்டு ஓடினால், அவன்மேல் இவனுக்கு என்ன உரிமை? திருடனுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை, அவனை ஏமாற்றத் தூண்டிலும் வேண்டாம், பொறியும் வேண்டாம்.

அப்படியானால் கடன் யாரிடம்? கடவுளிடம். அவருக்குச் செலுத்தவேண்டிய மரியாதையைச் செலுத்தாமல் விடுவதே பாவம் என்கிறார். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒருவனுடைய உடல்நலத்தைக் கெடுத்தவன், நலத்தைத் திரும்ப உண்டாக்கினாலும், அவன் பட்ட வேதனைக்கும் ஏதாவது கொடுக்கவேண்டும். சும்மா மன்னித்தால் பாவம் செய்தவனும் செய்யாதவனும் ஒன்றாகிவிடுவார்கள், ஒழுங்கு என்பதே இராது.

போசோ, மனிதன் தர இயன்றதை அடுக்குகிறார்: மனங்கசிந்த வருத்தம், உபவாசம், உழைப்பு, ஈகை, கீழ்ப்படிதல். அன்செல்ம் ஒவ்வொன்றாக மறுக்கிறார். பாவமே செய்யாமல் இருந்தாலும் இவையெல்லாம் நீ ஏற்கெனவே செலுத்த வேண்டியவை அல்லவா? அதன்பின் ஒரு கற்பனைச் சூழலை முன்வைக்கிறார். நீ கடவுளின் முன் நிற்கிறாய். அந்தப் பக்கம் பார் என்று யாரோ சொல்கிறார்கள். பார்க்காதே, அது என் சித்தமல்ல என்கிறார் கடவுள். பார்க்காவிட்டால் இந்த உலகம் முழுவதும் அழியும் என்றே வைத்துக்கொள். பார்ப்பாயா? போசோ தயங்குகிறார், யோசிக்கிறார், கடைசியில் பார்க்கக்கூடாது என்று ஒப்புக்கொள்கிறார். எத்தனை உலகங்கள் இருந்தாலும் கூடாதா என்று எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டே போனாலும் பதில் அதேதான். ஒரே ஒரு பார்வை, அத்தனை அற்பமான செயல், உலகத்தைவிடக் கனமானது. அப்படியானால் அதற்கு ஈடாக எதை வைப்பாய்? உலகத்தைவிடப் பெரியது கடவுள் ஒருவரே.

முடிச்சு இங்கே இறுகுகிறது. கொடுக்கவேண்டியவன் மனிதன், அவனிடம் இல்லை. கொடுக்க முடிந்தவர் கடவுள், அவர் கடன்பட்டவர் அல்லர். எனவே கடவுளும் மனிதனுமான ஒருவர். பாவமற்ற அவர் சாகக் கடமைப்பட்டவர் அல்லர். ஆகவே மனமுவந்து கொடுத்த அந்த உயிர் கடனுக்குமேல் மிஞ்சிய கொடை. அதற்குப் பிரதிபலன் உண்டு. எல்லாம் உடைய மகனுக்கு அது தேவையில்லை. தம் உறவினரான மனிதருக்கு அதை எழுதிக் கொடுக்கிறார்.

ஒருவனுக்குச் செய்த தீங்கின் கனம் அவன் தகுதியைப் பொறுத்தது என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஆங்கிலோ-சாக்சன் வெசெக்ஸ் நாட்டில் சாதாரணக் குடியானவன் உயிரின் விலை 200 ஷில்லிங், பிரபுவினுடையது 1200. எனவே அன்செல்ம் கடவுளை ஒரு நிலப்பிரபுவாக ஆக்கிவிட்டார், அவமானப்பட்ட பிரபு பழி தீர்க்காமல் ஓயமாட்டார் என்று கடந்த நூறு ஆண்டுகளில் பலர் எழுதினார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி நூலைச் சரியாகப் படிக்காததால் வந்தது. கடவுளின் மரியாதையை உள்ளபடி யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று அன்செல்ம் தெளிவாகச் சொல்கிறார். குலைவது படைப்பின் ஒழுங்கும் அழகும்தான். அழகு என்ற சொல்லையே அவர் எழுதுகிறார்.

நிலப்பிரபுவின் மாளிகையைவிட மடத்தின் செபக்கூடத்தில்தான் அவருடைய ஈடு என்ற எண்ணத்தின் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். புனித பெனடிக்டின் ஒழுங்குமுறையை அவர் 33 ஆண்டுகள் பெக்கில் வாழ்ந்து காட்டியவர். சங்கீதம் ஓதும்போது தவறு செய்த துறவி அங்கேயே எல்லார் முன்னிலும் தாழ்ந்து ஈடு செய்யவேண்டும். செய்ய மறுத்தால்தான் கடுமையான தண்டனை என்கிறது அந்த ஒழுங்கு. ஈடு அல்லது தண்டனை, இரண்டில் ஒன்று. ஈடு செய்தவனுக்குத் தண்டனை இல்லை. அன்செல்ம் கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே வைப்பது இதே வழக்கத்தைத்தான்.

நம் ஊர்க் கோயில்களில் பெரிய வெள்ளி மும்மணித் தியானத்தில் உட்கார்ந்தவர்கள், நமக்கு வரவேண்டிய தண்டனையை இயேசு தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்று கேட்டு வளர்ந்திருப்பார்கள். அது 16ஆம் நூற்றாண்டில் சட்டம் படித்த கால்வின் போன்றோர் கூர்தீட்டிய போதனை. அதன் தொடக்கம் ஏசாயா 53ஆம் அதிகாரத்திலேயே உண்டு என்பார்கள், அதைப் பின்னால் பார்ப்போம். அன்செல்ம் சொன்னது அது அல்ல. அவருடைய நூலில் பிதா மகனைத் தண்டிக்கவில்லை. சிலுவையில் தண்டனை தவிர்க்கப்படுகிறது, ஏனெனில் ஈடு வந்துவிட்டது. மகனைச் சாகும்படி பிதா கட்டாயப்படுத்தவும் இல்லை. நீதியை விடாமல் பிடித்திருந்ததால் உலகம் அவரைக் கொன்றது, அவர் பின்வாங்கவில்லை. கோபத்தைத் தணிக்க ரத்தம் கேட்கும் கடவுளை அன்செல்மின் தலையில் கட்டுவது அநியாயம். அவரோடு எனக்கு வேறு வழக்கு உண்டு. உயிர்த்தெழுதலுக்கு இந்த வாதத்தில் வேலையே இல்லை. பேதுருவும் பவுலும் அதை நடுவில் வைத்துப் பேசியவர்கள். கலிலேயாவில் நோயாளிகளைத் தொட்ட, வரிவசூலிப்போரோடு உண்ட அந்த வாழ்க்கைக்கும் கணக்கில் மிகச் சிறிய இடமே கிடைக்கிறது.

இத்தனை பெரிய கேள்விக்கு எந்தப் பொதுச்சங்கமும் ஒரே பதிலை விதியாக்கவில்லை. கிறிஸ்து யார் என்பதற்கு நிசேயாவும் கல்செதோனும் எல்லை வரைந்தன. அவருடைய மரணம் எப்படி மீட்கிறது என்பதை விசுவாசப் பிரமாணம் திறந்தே விட்டிருக்கிறது. கிழக்குத் திருச்சபை அன்செல்மின் வழிக்கு வரவே இல்லை.

1100 ஆகஸ்டில் வேட்டைக்காட்டில் ஓர் அம்பு தைத்து ரூஃபஸ் இறந்தான். அன்செல்ம் திரும்பினார், அடுத்த அரசன் ஹென்றியோடு மோதினார், மறுபடி நாடு கடந்தார், சமரசம் கண்டார். 1109 ஏப்ரல் 21, புனித வாரத்துப் புதன்கிழமை, கேன்டர்பரியில் காலமானார்.

அப்போது 30 வயதான பீட்டர் அபெலார் பாரிஸ் பக்கம் தன் ஆசிரியர்களைத் தர்க்கத்தில் திணறடித்துக்கொண்டிருந்தார். பல ஆண்டு கழித்து ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு உரை எழுத உட்கார்ந்தார். சாத்தானுக்கு உரிமை இல்லை என்பதில் அன்செல்மோடு அவருக்கும் ஒப்புதல்தான். ஆனால் ஈடு என்ற இடத்தில் நின்றுவிட்டார். ஆதாம் கனியைத் தின்ற பாவத்துக்கே கடவுளின் மகன் சாகவேண்டியிருந்தது என்றால், அந்த மகனையே கொன்ற பாவத்துக்கு என்ன ஈடு? அன்செல்மின் நூலில் போசோவும் இதைக் கேட்டிருந்தார். அறியாமல் செய்தார்கள் என்று பதில் கிடைத்ததும் அமைதியாகிவிட்டார். அபெலார் அமைதியாகவில்லை. குற்றமற்றவனின் ரத்தத்தை விலையாகக் கேட்பது எத்தனை கொடுமை என்று தொடர்ந்து எழுதினார். அந்த உரையின் பிரதி ஒன்று கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்டுடைய நண்பர் ஒருவர் கைக்கு எட்டியது. 1141இல் அபெலாரை சான்ஸ் நகரத்து ஆயர் சங்கத்தின் முன் நிறுத்திய அந்த வழக்கு அடுத்த இதழில்.

(தொடரும்)